கொப்புள நோய் சந்தேகம்: முதல் 24 மணி நேரத்தில் எது முன், எது பின்?

முதல்பண்ணை (கேள்வி)

வணக்கம். கோமாரி (மாடு, ஆடு, பன்றிக்கு வாயிலும் காலிலும் கொப்புளம் வரும் தொற்றுநோய்) இல்லாத ஒரு நாடு. அங்கே ஒரு பண்ணையிலிருந்து, "இரண்டு மாடு நொண்டுது, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடியுது, நேற்றிலிருந்து பால் பாதியாகிவிட்டது" என்று தொலைபேசி வருகிறது. இரண்டு பேர் கொண்ட குழு கிளம்பிப் போய் என்ன செய்ய வேண்டும் என்று செயல்முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். பண்ணையில் 120 மாடு, 60 செம்மறி, 20 பன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையேடுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எல்லாமே ஒரே கனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எதை விட்டால் ஊரே போய்விடும், எதைக் கொஞ்சம் தாமதிக்கலாம் என்று தெரியவில்லை. எனக்குள்ள சந்தேகங்கள்:

ஆய்வக முடிவு வரும்வரை போக்குவரத்தை நிறுத்தாமல் காத்திருக்கலாமா? புண்ணின் வயதை வைத்து, நோய் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எந்தத் தேதியிலிருந்து தடம் தேட வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? கொப்புளம் எல்லாம் உடைந்து ஆறிக்கொண்டிருந்தால் மாதிரி எதிலிருந்து எடுப்பது? கிருமிநீக்கிக் கரைசல், புதைகுழி இரண்டுக்கும் எழுதி வைக்கத்தக்க அளவு என்ன?

கொப்புளம்பார்

முதல் கேள்விக்கு ஒரே வரி: காத்திருக்கக் கூடாது. தொலைபேசியை வைப்பதற்கு முன்பே பண்ணைக்காரரிடம் சொல்ல வேண்டியது இது. கால்நடை, பால், தீவனம், எரு, வண்டி எதுவும் வெளியே போகக் கூடாது. வேலைக்கு வந்தவர்களும் குழு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பால் வண்டி வழியில் இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கொட்டகை கொட்டகையாகப் போய் பால் எடுக்கும் டேங்கரைப் போல இந்த வைரஸுக்கு வசதியான வாகனம் வேறில்லை. சந்தேகம் பொய்யானால் ஒரு நாள் பால் நஷ்டம். மெய்யானால் அந்த ஒரு நாளில் எத்தனை பண்ணை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வண்டி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே கொண்டுபோவது திரும்பி வராது, அல்லது நனைத்துத்தான் வரும் என்ற நினைப்போடு பொருள்களைப் பிரியுங்கள். கைப்பேசியை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டால் கடைசியில் உறையோடு நனைக்கலாம். காகிதக் குறிப்பேடு வேண்டாம். எழுதியதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே விடலாம்.

உள்ளே போனதும் நோயுற்ற மாட்டிடம் ஓடாதீர்கள். நன்றாக இருக்கும் கூட்டத்திலிருந்து தொடங்கி நோயுற்றதை நோக்கிப் போங்கள். முதல் கருவி வெப்பமானி. கொப்புளம் தெரிவதற்கு முன்பே காய்ச்சல் வரும், 40 டிகிரிக்கு மேல். காய்ச்சல் உள்ள, வாயில் எதுவும் இல்லாத மாடுதான் நாளைய புதுக் கொப்புளம். அதற்கு அடையாளம் போட்டு வையுங்கள்.

வாயைப் பார்க்கும்போது நாக்கை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போது மேல்தோல் உறை கழல்வதுபோலக் கையோடு வந்துவிடுவதுண்டு. பதறிக் கீழே போட்டுவிடாதீர்கள். அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பல்லில்லாத மேல் ஈறு, உதட்டின் உட்புறம், மூக்குத் துவாரம், காம்பு, குளம்பிடுக்கு, குளம்பும் தோலும் சேரும் வளையம் எல்லாவற்றையும் பாருங்கள். கால் சேறாக இருந்தால் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். பன்றிக்கு வாயைவிடக் காலில்தான் அதிகம் தெரியும், குளம்பே கழன்று நிற்கும். கன்று, குட்டி, பன்றிக்குட்டி திடீரென்று செத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். குட்டிகளுக்கு இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கும், கொப்புளம் வர நேரமே இருக்காது.

செம்மறிதான் ஏமாற்றும். மேல் ஈறில் சின்னதாக ஒரு புண், ஒரு கால் நொண்டல், இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். அதனால் அந்த 60 ஆட்டையும் பிடித்து வாய் திறந்து பார்க்க வேண்டும். வேலிக்கு வெளியே நின்று பார்த்து "ஆடெல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது பெரிய தவறு.

இனி புண்ணின் வயது. முதல் நாள் மேல்தோல் வெளுத்து நீர் கோத்த கொப்புளமாகும். இரண்டாம் நாள் உடைந்து, சிவந்த பச்சைப் புண்; ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் கூராக இருக்கும், தோல் ஓரத்தில் தொங்கும். மூன்றாம் நாள் அந்தச் சிவப்பு மங்கி, ஓரம் மழுங்கி, புண்மேல் மஞ்சளாக ஃபைப்ரின் (ரத்தத்திலிருந்து வரும் நார்ப்புரதம்) படியத் தொடங்கும். நான்காம் நாள் படிவு நிறைய இருக்கும், ஓரத்திலிருந்து புதுத் தோல் ஏறுவது தெரியும். ஏழாம் நாள் வாக்கில் தழும்பு. ஐந்து நாள்வரை ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு ஊகந்தான். காலில் அழுக்கும் சீழும் சேர்ந்துவிடுவதால் வயது சொல்ல வாய்ப்புண்ணையே நம்புங்கள்.

நீங்கள் தேட வேண்டியது மிக மோசமான புண்ணை அல்ல, மிகப் பழைய புண்ணை. மோசமான புண் கண்ணில் அடிக்கும், எல்லாரும் அதைத்தான் படமெடுப்பார்கள். ஆறிப்போன தழும்பு ஏதோ ஒரு மூலையில் அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும் மாட்டின் வாயில் இருக்கும்.

இன்னொன்று: கண்ணால் பார்த்து "கோமாரிதான்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். பன்றியில் பன்றிக் கொப்புள நோய், செனிகா வைரஸ், கொப்புள வாயழற்சி எல்லாம் இதே மாதிரித்தான் இருக்கும். பண்ணையில் குதிரை இருந்து அதன் நாக்கிலும் புண் இருந்தால் கொப்புள வாயழற்சியை நினைக்க வேண்டும், கோமாரி குதிரைக்கு வராது. "கொப்புள நோய் சந்தேகம்" என்று எழுதினாலே தடை போடப் போதுமான அதிகாரம் கிடைக்கும்படி உங்கள் செயல்முறையை வடிவமையுங்கள்.

ஆய்வுமேசை

மாதிரி பற்றி நான் எழுதுகிறேன். ஆய்வகத்துக்கு வந்துசேரும் மாதிரியில் பாதிப் பிரச்சினை பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பிரச்சினைதான்.

கோமாரி வைரஸ் பி.எச். 6-க்குக் கீழேயும் 9-க்கு மேலேயும் சீக்கிரம் செத்துவிடும். அதனால் உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் தோல் குறைந்தது 1 கிராம் எடுத்து, கிளிசரினும் பி.எச். மாறாமல் காக்கும் 0.04 மோலார் பாஸ்பேட் பஃபரும் சரிபாதி கலந்த ஊடகத்தில் போட வேண்டும். பி.எச். 7.2 முதல் 7.6 வரை, ஆன்டிபயாட்டிக் சேர்த்தது. வெறும் உப்புக் கரைசலில் போட்டால் வழியிலேயே பி.எச். சரியத் தொடங்கும். ஃபார்மலினில் போட்டால் வைரஸை வளர்க்கவே முடியாது. கொப்புள நீர் கிடைத்தால் ஊசியால் உறிஞ்சித் தனிக் குழாயில், எதிலும் கலக்காமல் அனுப்புங்கள்.

தோல் எடுக்கும் முன் அந்த இடத்தைக் கிருமிநீக்கியால் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சுத்தமான தண்ணீர் போதும்.

உலர்பனியில் அனுப்புகிறீர்களா? உள்குழாயின் மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், மேலே டேப் சுற்றுங்கள். உலர்பனியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே கசிந்தால் மாதிரி அமிலமாகி வைரஸ் செத்துவிடும். முடிவு "இல்லை" என்று வரும், நோய் பண்ணையில் இருக்கும். இரண்டு நாளுக்குள் ஆய்வகம் சேர்ந்துவிடும் என்றால் 4 டிகிரி குளிர்ச்சியே போதும், உலர்பனி வேண்டாம். பொதியோ மூன்றடுக்கு: கசியாத குழாய், அதைச் சுற்றி ஈரம் உறிஞ்சும் பொருளோடு கசியாத இரண்டாம் கலம், வெளியே கெட்டிப் பெட்டி, அதில் நோய் மாதிரி என்று காட்டும் யு.என். 3373 முத்திரை. இரண்டாம் கலத்தின் வெளிப்புறத்தைப் பண்ணை எல்லையிலேயே கிருமிநீக்கியில் நனைத்துத் துடைத்துவிட்டு வெளியே கொடுங்கள்.

கொப்புளம் எல்லாம் ஆறிவிட்டால் இரண்டு வழி. ஒன்று, ப்ரோபாங் குவளை. மாடு, ஆட்டின் தொண்டைக்குள் இறக்கிச் சளியும் செல்லும் சுரண்டி எடுப்பது. எடுத்ததை உடனே சம அளவு பஃபர் ஊடகத்தில் கலந்து, பி.எச். 7.2 அருகில் இருக்கிறதா என்று அங்கேயே தாளில் பாருங்கள். பச்சையாகவோ புளித்த வாடையாகவோ இருந்தால் அசைபோடும் வயிற்றின் நீர் கலந்திருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, தொண்டையைத் தண்ணீரால் கழுவி மறுபடி எடுங்கள். இரண்டு, ரத்தம். காய்ச்சல் உள்ள நாள்களில் ரத்தத்திலேயே பி.சி.ஆரில் வைரஸ் கிடைக்கும். நோய் வந்து ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகு எலைசா என்ற ரத்தச் சோதனையில் எதிர்ப்புப் பொருள் தெரியும். புண்ணே இல்லாத ஆட்டில் எதிர்ப்புப் பொருள் இருந்தால், நோய் நீங்கள் நினைத்ததைவிட முன்பே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பண்ணையிலேயே பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனை உண்டு. புதுக் கொப்புளத் தோலில் நன்றாக வேலை செய்யும், பழைய புண்ணில் தவறவிடும். அதில் "ஆம்" வந்தால் நம்புங்கள். "இல்லை" வந்தால் எந்தத் தடையையும் தளர்த்தாதீர்கள். வைரஸின் ஏழு வகையில் எது என்று ஆய்வகந்தான் சொல்ல வேண்டும். அது தெரியாமல் தடுப்பூசிப் பேச்சே எடுக்க முடியாது.

முதல்பண்ணை

இருவருக்கும் நன்றி. உலர்பனி விஷயம் என் வரைவில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டேன்.

ஆனால் தேதிக் கணக்கு இன்னும் குழப்புகிறது. கையேட்டில் "14 நாள்" என்று இருக்கிறது. நோய் கண்ட நாளிலிருந்து 14 நாளா, புண் வந்த நாளிலிருந்தா? உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் ஒரே எண்ணா?

தடம்

ஒரே எண் அல்ல. இதில் தவறுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு தேதியை வைத்துப் பார்ப்போம்.

20-ஆம் தேதி பரிசோதிக்கிறீர்கள். மிகப் பழைய புண்ணுக்கு 5 நாள் வயது. அப்படியானால் அந்த மாட்டுக்கு 15-ஆம் தேதி புண் வந்தது. நோய் அரும்பும் காலம் 2 முதல் 14 நாள். எனவே வைரஸ் பண்ணைக்குள் வந்தது 1-ஆம் தேதிக்கும் 13-ஆம் தேதிக்கும் இடையில். இது உள்வரவுத் தடம். அந்த நாள்களில் வந்த விலங்கு, ஆள், வண்டி, தீவனம், கடன் வாங்கிய கருவி எல்லாம் இதில் வரும்.

வெளிப்போக்குத் தடத்துக்கு வேறு கணக்கு. புண் தெரிவதற்கு 4 நாள் முன்பே பாலில் வைரஸ் வரலாம். ஆகவே 11-ஆம் தேதியிலிருந்து தடை போட்ட நிமிடம்வரை வெளியே போன எல்லாம் சந்தேகத்துக்குரியவை. புண் வயதைத் தவறாக 2 நாள் என்று எழுதினால் இந்தத் தேதி 14 ஆகிவிடும். 11, 12, 13 ஆகிய மூன்று நாளும் போன பால் டேங்கரும் சந்தைக்குப் போன ஆடும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கொப்புளம்பார் பழைய புண்ணைத் தேடச் சொன்னது இதற்குத்தான்.

வயதில் ஒரு நாள் பிழை எப்போதும் உண்டு என்பதால் இரு பக்கமும் ஒரு நாள் கூட்டிப் போடுங்கள். ஆடுகளில் எதிர்ப்புப் பொருள் கண்டுவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது. ஆட்டை முதல் நோயாளியாக வைத்துப் பின்னோக்கி இன்னும் ஒரு சுற்று போக வேண்டும்.

வெளிப்போக்கு அவசரம், உள்வரவு அப்புறம். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒருவர் விலங்கைப் பார்க்கும்போதே மற்றவர் பண்ணைக்காரரோடு உட்கார்ந்து வெளியே போனவற்றைக் கேட்டுக் குறிக்க வேண்டும். "யாராவது வந்தார்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "யாரும் வரவில்லை" என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு வேலையாகக் கேளுங்கள். பால் எடுத்தது யார், செத்த விலங்கை எடுத்துப் போனது யார், சினை ஊசி போட்டது யார், குளம்பு வெட்டியது யார், கம்பளி கத்தரித்தது யார், தீவன மூட்டை இறக்கியது யார், எரு எந்த வயலுக்குப் போனது, வேலையாள் தன் வீட்டில் ஆடோ பன்றியோ வைத்திருக்கிறாரா, பன்றிக்கு எச்சில் உணவு எங்கிருந்து வந்தது. வங்கிக் கணக்கும் கைப்பேசி அழைப்புப் பட்டியலும் நினைவைவிட நம்பகமானவை; அவரே திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். குற்றவாளியை விசாரிக்கிற தொனி வந்தால் பாதிச் செய்தி மறைந்துவிடும். அந்த மனிதர் அன்றைக்குத் தன் கூட்டத்தையே இழக்கப்போகிறார் என்பது பேச்சில் தெரிய வேண்டும்.

ஆடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2001 பிரிட்டன் போதும். பிப்ரவரி 20 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடத்துப் பன்றிகளில் நோய் உறுதியானது. பின்னோக்கித் தேடினால் வடக்கே நார்தம்பர்லாந்தில் எச்சில் உணவு போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணை. அங்கிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் ஹெக்ஸாம், லாங்டவுன் சந்தைகள் வழியாக நாடெங்கும் போய்விட்டன. முதல் நோய் உறுதியான அன்றே குறைந்தது 57 பண்ணைகளில் வைரஸ் இருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். நாடு முழுவதும் போக்குவரத்துத் தடை வந்தது 23-ஆம் தேதி. முடிவில் 2,026 பண்ணைகள், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் 14 நீரெருமைகள் கொண்ட ஒரு கூட்டத்தில் கோமாரி வந்தபோது மாநிலம் முழுவதும் 72 மணி நேரம் விலங்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நோய் அந்த ஒரு பண்ணையோடு நின்றது. சின்னக் கூட்டம், சந்தைத் தொடர்பு குறைவு என்பதும் அதில் பங்குண்டு. ஆனாலும் தடையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு எண்ணுகிற வரிசைதான் சரி.

வளையம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம். இவை குறைந்தபட்ச அளவுகள். வரைபடத்தில் வட்டம் போட்டதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், 11-ஆம் தேதி சந்தைக்குப் போன ஆடு 200 கிலோமீட்டர் தள்ளி நிற்கலாம். பண்ணையில் நோயுற்ற பன்றி இருந்தால் காற்றையும் கணக்கில் எடுங்கள். மாட்டைவிடப் பன்றி மூச்சில் பல மடங்கு வைரஸை வெளியே விடும். 1981-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து கடல் தாண்டி 250 கிலோமீட்டர் போல் தள்ளியிருந்த வைட் தீவுக்கு நோய் காற்றில் போனது. ஈரக் காற்று, கடல் பரப்பு, நிறையப் பன்றி மூன்றும் சேர்ந்தால்தான் அவ்வளவு தூரம் போகும். உங்கள் 20 பன்றிக்கு அவ்வளவு வராது. ஆனாலும் காற்றடிக்கும் திசையிலுள்ள மாட்டுப் பண்ணைகளை முதலில் பாருங்கள். மாடு நிறையக் காற்றை இழுக்கும், அதனால் காற்றுவழித் தொற்றை முதலில் காட்டுவது அதுதான்.

வளையத்திலுள்ள ஆட்டு மந்தையில் எத்தனை ஆட்டுக்கு ரத்தம் எடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய மந்தையில் 100-க்கு 5 ஆட்டுக்குத் தொற்று இருந்தால் 95 சதவீத நம்பிக்கையோடு கண்டுபிடிக்க 59 ஆடு வேண்டும். 60 ஆடுள்ள சின்ன மந்தையில் அதே கேள்விக்கு 38 போதும். 100-க்கு 1 என்றால் பெரிய மந்தையில் 299. பிடிக்க எளிதாக வந்த முதல் 38-ஐ எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நொண்டும் ஆடு பின்னால்தான் வரும்.

குழிக்கணக்கு

நோய் உறுதியாகிக் கூட்டத்தைக் கொல்ல வேண்டி வந்தால், கொல்லும் வரிசையை உங்கள் வரைவில் மாடு, ஆடு, பன்றி என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். நோயுள்ள பன்றி இருந்தால் அது முதலில். காரணத்தை மேலே தடம் சொல்லிவிட்டார்: காற்றில் வைரஸ் விடுவது அதுதான். பிறகு நோயுற்ற மாடு, அதோடு ஒரே கொட்டகையில் நின்றவை, கடைசியில் ஆடு. போல்ட் துப்பாக்கி (நெற்றியில் இரும்புத் தண்டு பாயும் கருவி) மயக்கத்தான் செய்யும். அதன்பின் தண்டுவடத்தைச் சிதைக்கும் கம்பி போட்டே ஆக வேண்டும். கழுத்தறுத்து ரத்தம் விட்டால் வைரஸ் தரையெல்லாம் ஓடும். எந்த விலங்கும் மற்றொன்று சாவதைப் பார்த்து மிரளாதபடி தடுப்பு கட்டுங்கள். மிரண்ட மாடு வேலியை உடைத்துக்கொண்டு ஓடினால் உங்கள் வளையமும் அதோடு ஓடும்.

புதைகுழிக்கு ஒரு வளர்ந்த மாட்டுக்கு 1.5 கன மீட்டர். 5 ஆடு அல்லது 5 பன்றி ஒரு மாட்டுக்குச் சமம். உங்கள் பண்ணைக்கு: 120 மாட்டுக்கு 180, ஆடும் பன்றியும் சேர்ந்த 80-க்கு 24, மொத்தம் 204 கன மீட்டர். மேலே 2 மீட்டர் மண் மூட வேண்டும். 5 மீட்டர் ஆழம், 3 மீட்டர் அகலம் என்றால் பயன்படும் ஆழம் 3 மீட்டர்தான். அப்போது நீளம் 23 மீட்டர். நிலத்தடி நீர் மேலே இருந்து 4 மீட்டர்தான் தோண்ட முடியும் என்றால் நீளம் 34 மீட்டராகிவிடும். குழியின் அடி நீர்மட்டத்தைத் தொடவே கூடாது. அதனால் ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். தோண்டின மண்ணை ஓரத்திலேயே குவித்தால் சுவர் சரியும், தள்ளிக் குவியுங்கள். குழிக்குள் யாரும் எக்காரணத்துக்கும் இறங்கக் கூடாது.

மூடுமுன் மாட்டின் வயிற்றைக் குத்திக் காற்று போக விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் உப்பி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். சுண்ணாம்பை உடல் மேல் நேரடியாகக் கொட்டாதீர்கள், மக்குவதைத் தாமதப்படுத்தும். உடலை முதலில் மண்ணால் மூடி, அதன்மேல் சுண்ணாம்பு, பிறகு மீதி மண். அது நாய் நரி தோண்டாமல் காக்கவும் உதவும்.

கிருமிநீக்கியில் பெரும் பிழை சலவை சோடாவில் நடக்கும். கோமாரிக்கு 4 சதவீதம் என்பது நீரற்ற தூளுக்கு: 100 லிட்டருக்கு 4 கிலோ. கடையில் கிடைப்பது பளபளவென்ற படிகமாக இருந்தால் அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர், 100 லிட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோ போட வேண்டும். 4 கிலோ படிகம் போட்டவர் ஒன்றரை சதவீதக் கரைசலில்தான் பூட்ஸை நனைத்துக்கொண்டிருக்கிறார். சிட்ரிக் அமிலம் 0.2 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 200 கிராம். கருவி, கைப்பேசி உறை, ஆள் மேலுக்கு அது நல்லது. காஸ்டிக் சோடா 2 சதவீதம் கான்கிரீட்டுக்கும் வடிகாலுக்கும். அலுமினியத்தை அரித்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அமிலத்தையும் சோடாவையும் ஒரே தரையில் அடுத்தடுத்து ஊற்றினால் ஒன்றையொன்று அணைத்துவிடும். அமிலத்தோடு பிளீச்சிங் கரைசல் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆஸ்பத்திரி வாடை வருகிற ஃபீனாயிலும், கை கழுவும் குவாட்டர்னரி வகைகளும் இந்த வைரஸுக்குச் சரியில்லை.

எதை ஊற்றினாலும் சாணி இருக்கும் இடத்தில் ஊற்றினால் பயனில்லை. சுரண்டு, சோப்பு நீரால் தேய், கழுவு, வடியவிடு, அப்புறந்தான் கிருமிநீக்கி. 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும், சொரசொரப்பான பரப்பில் 30 நிமிடம்.

பாலை மறந்துவிடாதீர்கள். தொட்டியில் உள்ள பாலை வடிகாலில் விடக் கூடாது. அமிலமாக்கிப் பிறகு அகற்ற வேண்டும். ஒரு தடவை வழக்கமான பாஸ்சுரைசேஷன் செய்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பி.எச். 7 அல்லது அதற்கு மேலுள்ள பாலுக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி இரண்டு தடவை கேட்கிறது.

பன்றிமருந்து

ஒரு எச்சரிக்கை. இந்தச் செயல்முறையை அப்படியே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நகலெடுத்துவிடாதீர்கள்.

அங்கே கொப்புளம் கிடையாது, வயது சொல்லப் புண் கிடையாது. கடுங்காய்ச்சல், காது, வயிற்றுத் தோல் சிவத்தல், திடீர் சாவு. கோமாரி காட்டுத்தீ மாதிரி ஒரே நாளில் கொட்டகை முழுக்கப் பிடிக்கும். இது கூண்டுக்குள்கூட மெதுவாகத்தான் நகரும். முதல் வாரத்தில் இரண்டு பன்றி, அடுத்த வாரம் மூன்று. "இத்தனை சதவீதம் செத்தால் தகவல் சொல்" என்று எல்லை வைத்திருக்கும் பெரிய பண்ணையில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் வைரஸ் வாரக்கணக்கில் உள்ளே இருந்திருக்கும். அதனால் சாவு எண்ணிக்கையைப் பண்ணைக்கு அல்ல, கூண்டுக்குப் பாருங்கள்.

செத்த பன்றியைப் பண்ணையில் அறுக்காதீர்கள். ரத்தம் முழுக்க வைரஸ், தரையில் சிந்தினால் நாள்கணக்கில் இருக்கும். ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் போதும். திறந்தே ஆக வேண்டுமானால் தார்ப்பாய் விரித்து, மண்ணீரல், நிணநீர்க் கணு, சிறுநீரகம் மட்டும் எடுத்துக் கட்டிவிடுங்கள். மண்ணீரல் பெரிதாகிக் கருத்து, தொட்டால் உதிரும்படி இருக்கும்.

பி.எச். தந்திரமும் இங்கே எடுபடாது. சுமார் 4 முதல் 11.5 வரை தாக்குப் பிடிக்கும், ஆகவே சிட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். காஸ்டிக் 0.8 சதவீதம், அல்லது 2.3 சதவீதக் குளோரின் தரும் ஹைப்போகுளோரைட், இரண்டுக்கும் 30 நிமிடம். பழைய மரக் கொட்டகையில் மென் உண்ணி இருக்கிற பகுதி என்றால் கிருமிநீக்கி மட்டும் பற்றாது. அந்த உண்ணிக்குள் வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்புக்கண்டம் போட்ட இறைச்சியில் மாதக்கணக்கு. அதனால் தடம் தேடும்போது விலங்கைவிட உணவுப் பொட்டலத்தைப் பற்றி அதிகம் கேளுங்கள்.

முதல்பண்ணை

அருமை. பன்றிக் காய்ச்சலைத் தனி ஏடாகவே பிரித்துவிட்டேன். கடைசியாக ஒன்று: வளையத்துக்குள் உடனே தடுப்பூசி போட்டுவிட்டால் கொல்லும் எண்ணிக்கை குறையுமே, அதை ஏன் யாரும் முதலில் சொல்லவில்லை?

தடம்

வகை தெரியாமல் போட முடியாது. ஓ வகைத் தடுப்பூசி ஆசியா-1 வகைக்குப் பாதுகாப்பு தராது. நல்ல வீரியமுள்ள அவசரகாலத் தடுப்பூசிகூடப் பாதுகாப்பு தர 4 முதல் 7 நாள் எடுக்கும். அதற்குள் உள்ளே அரும்பிக்கொண்டிருக்கும் மாட்டுக்கு அது உதவாது. போட்ட மாட்டுக்குப் பிறகு தொற்றினால் அறிகுறி மங்கலாகி நமக்குத் தெரியாமலும் போகலாம்.

முடிவெடுத்தால் வெளி எல்லையிலிருந்து உள்நோக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள், குழுவே வைரஸை வெளியே இழுத்துப் போகாமல் இருக்க. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துவிட்டால் அந்தப் புட்டியைத் தூக்கி எறியுங்கள், உருகினபின் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கை குறையும் என்பது உண்மை, விலை வேறு இடத்தில் வரும். கொன்றொழித்து, தடுப்பூசி போடாவிட்டால் கடைசி விலங்கை அகற்றி 3 மாதத்தில் நோயற்ற நிலையைத் திரும்பக் கேட்கலாம். தடுப்பூசி போட்டவற்றையும் பிறகு அறுத்துவிட்டால் அந்த அறுப்பிலிருந்து 3 மாதம். அவற்றை உயிரோடு வைத்தால் 6 மாதம், அதோடு என்.எஸ்.பி. எலைசாவில் (வைரஸ் உடலில் பெருகும்போது உண்டாகும் புரதங்களுக்கான எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை) தொற்றில்லை என்று காட்ட வேண்டும். தூய்மைப்படுத்திய தடுப்பூசி என்றால்தான் அந்தச் சோதனை தடுப்பூசி மாட்டையும் தொற்று மாட்டையும் பிரித்துக் காட்டும். ஏற்றுமதி இல்லாத, கூட்டம் அடர்ந்த பகுதியில் நான் தடுப்பூசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அந்த முடிவை நோய் வந்தபிறகு உட்கார்ந்து பேசாமல், இப்போதே எழுதி வையுங்கள்.

கொப்புளம்பார்

உங்கள் வரைவில் ஒரு அடிப்படை ஓட்டை, யாரும் சொல்லவில்லை. "இரண்டு பேர் கொண்ட குழு" என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் அந்த இருவரும் வெளியே வந்து குளித்து உடை மாற்றினாலும் 72 மணி நேரம் வேறு எந்தப் பிளவுக்குளம்பு விலங்கின் பக்கமும் போகக் கூடாது. சில நாட்டு நெறிமுறையில் இது 5 நாள். தடம் எழுதின 11-ஆம் தேதிக் கணக்குப்படி அன்றைக்கே பத்துப் பண்ணையாவது பார்க்க வேண்டியிருக்கும். அதை யார் பார்ப்பது?

முதல் தொலைபேசி வந்தபோதே இரண்டாவது குழுவும் தயாராகி, வண்டியில் பொருளோடு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும். அவர்கள் இந்தப் பண்ணைக்கு வரவே கூடாது. உள்ளே இருப்பவர் வெளிப்போக்குப் பட்டியலைப் படமெடுத்து அனுப்ப அனுப்ப, அவர்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் முதலில் தொலைபேசியில் தடை சொல்லிவிட்டு, பிறகு நேரில் போக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு குழுவுக்கு இரண்டு பண்ணைக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். அதில் ஒன்றில் கொப்புளம் கண்டால் அந்தக் குழுவும் அங்கேயே நின்றுவிடும், மூன்றாவது குழு வேண்டும். செயல்முறையின் முதல் பக்கத்தில் அந்த மூன்று குழுவின் தொலைபேசி எண்ணும் வர வேண்டும்.